வானத்து நீரும் ஏரி நீரும்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மழையை நம்பி வாழ்பவர்கள் நாம். அம்மழை எங்கிருந்து, எங்ஙனம் வருகிறது என்பதை அறிந்துகொண்டால், அதைப் பேணும் வழியும் தெளிவாகும்.

பூமியிலுள்ள நீரில் 100-க்கு 97 பங்கு கடலில் உள்ளது. அது உப்பு நீர், பயிருக்கு உதவாது. ஆனால் சூரிய வெப்பத்தால் நீர் மட்டுமே ஆவியாகி மேலெழுகிறது. உப்பு கடலிலேயே தங்கிவிடுகிறது. ஏரி, ஆறு, ஈரமண் ஆகியவற்றிலிருந்தும் நீர் இவ்வாறே ஆவியாகிறது. பயிர்களும் மரங்களும் வேரால் உறிஞ்சிய நீரின் பெரும்பகுதியை இலைகளின் வழியே காற்றில் விடுகின்றன.

நீராவி கண்ணுக்குப் புலப்படாது. அது காற்றுடன் மேலே செல்லச் செல்லக் குளிர்கிறது. குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் புறத்தே நீர் முத்துக்கள் அரும்புவதைக் கண்டிருப்பீர்கள். அதுபோலவே நீராவியும் தூசி, கடலுப்பு ஆகியவற்றின் நுண்துகள்களைப் பற்றிக்கொண்டு சிறு திவலைகளாகிறது. அத்திவலைகளின் கூட்டமே மேகம். ஏறக்குறைய 10 லட்சம் திவலைகள் ஒன்று சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி உண்டாகும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அதைத் தடுத்து மேலே ஏற்றுகிறது. ஏறிய காற்று குளிர்ந்து, மலையின் மேற்குப் புறத்தில் மழையைக் கொட்டிவிடுகிறது. கிழக்கே இறங்கும் காற்று வெப்பமடைந்து வறண்டுவிடுகிறது. ஆகவே நம் சமவெளியின் பெரும்பகுதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்காள விரிகுடாவிலிருந்து வரும் வடகிழக்குப் பருவமழையையே எதிர்நோக்குகிறது. தமிழ்நாடு ஆண்டு முழுவதும் பெறும் மழையில் ஏறக்குறையப் பாதி இம்மூன்று மாதங்களில் பெய்கிறது. அதிலும் பெரும்பகுதி சில நாட்களிலேயே பெய்து ஓய்ந்துவிடும்.

ஒரு ஏக்கர் நிலத்தில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால், அது சுமார் 1 லட்சம் லிட்டர் நீராகும். இவ்வளவு நீரையும் தேக்கும் வழி இல்லையேல், அது கடலுக்கே திரும்பிவிடும். இதை உணர்ந்தே நம் முன்னோர் ஏரிகளை அமைத்தனர். ஏரி நீர் பாசனத்திற்கு உதவுவதோடு, நிலத்தில் இறங்கிக் கிணறுகளுக்கும் ஊற்றாகிறது.

வானம் தன் கடமையைச் செய்கிறது. நம் கடமை யாது? வரத்துக் கால்வாய் தூர்ந்து கிடந்தால், எவ்வளவு மழை பெய்தும் ஏரி நிரம்பாது. கால்வாயை ஆக்கிரமித்தவர் நம் உறவினராகவே இருக்கலாம். அவர் மனம் நோகும் என்று நாம் வாளாவிருந்தால், ஆயக்கட்டிலுள்ள அனைவர் வயிறும் காயும். நயமாக எடுத்துச் சொல்லுங்கள்; கேளாவிடில் சட்டப்படி அகற்றுங்கள்.

ஐப்பசி பிறப்பதற்கு முன் கால்வாயைச் சுத்தம் செய்து, கரை, மதகு, கலிங்கு ஆகியவற்றைச் சோதித்துச் செப்பனிடுங்கள். நடுநிலைப் பள்ளியில் மழைமானி ஒன்றை அமைத்து, நாள்தோறும் காலையில் மாணவர்களைக் கொண்டு மழையளவைக் குறித்து வரச் செய்யுங்கள். அவர்களும் விஞ்ஞானம் கற்பர். ஊருக்கும் கணக்குக் கிடைக்கும்.

மேகத்தை அழைக்கும் ஆற்றல் நமக்கு இல்லை. வந்த மழையை ஊரில் நிறுத்தும் ஆற்றல் நமக்கு உண்டு. அப்பணியை இன்றே தொடங்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.