பெண்டில் மலையடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

இங்கிலாந்தின் வடமேற்கே, லங்காஷயர் பிரதேசத்தின் கிழக்குக் கோடியில், பெண்டில் என்று ஒரு மலை இருக்கிறது. அதன் உயரம் 1,827 அடிதான். பொதிகையையும் நீலகிரியையும் பார்த்துப் பழகிய நமக்கு அதை மலை என்று சொல்லவே மனம் வராது. ஆனால் சுற்றிலும் பள்ளத்தாக்குகள் தாழ்ந்து கிடக்க, துணைக்கு வேறொரு சிகரம் இல்லாமல், கவிழ்த்து வைத்த தோணியைப் போல நீண்டு தனித்துக் கிடப்பதால், எந்த ஊரிலிருந்து பார்த்தாலும் அதுவே கண்ணில் நிற்கிறது. மழை வருமா வராதா என்பதைக்கூட அதன் உச்சியில் மேகம் கவிந்திருக்கிறதா என்று பார்த்தே அங்குள்ள ஜனங்கள் தீர்மானிக்கிறார்கள்.

சரித்திரத்தில் இந்த மலைக்குப் பெயர் உண்டு. 1612-ஆம் ஆண்டில் இதன் அடிவாரக் கிராமங்களைச் சேர்ந்த பெரும்பாலும் ஏழைகளான பெண்களும் ஆண்களும் சூனியம் செய்தவர்களென்று குற்றம் சாட்டப்பட்டு, லாங்காஸ்டர் நகரில் தூக்கிலிடப்பட்டார்கள். அதற்கு நாற்பது ஆண்டுகள் கழித்து, 1652-இல், ஜார்ஜ் ஃபாக்ஸ் என்னும் பெரியவர் இதன் உச்சியில் ஏறி நின்று ஒரு தரிசனம் கண்டதாகவும், குவேக்கர் என்னும் சமய இயக்கம் வளர அதுவே தூண்டுதலாயிற்று என்றும் சொல்லுகிறார்கள். இந்த இரண்டு கதைகளுக்காகவும் யாத்திரிகர்கள் வருவதுண்டு. நான் இன்று உங்களை அழைத்துச் செல்ல விரும்புவது அவற்றுக்காக அல்ல. மலையின் தென்கிழக்குச் சரிவில் ஏறும் ஒரு குறுகலான பாதையையும், அப்பாதையின் ஓரத்திலுள்ள ஒரு சிறிய வீட்டையும், ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிள்களில் அந்த வீட்டை நோக்கி வருகிற மனிதர்களையும் காட்டுவதற்காகவே.

பாதை தொடங்கும் இடம் நெல்ஸன் என்னும் நகரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பருத்தித் துணி நெசவினாலேயே உருவாகி, நெசவினாலேயே வாழ்ந்த ஊர் அது. ஒரே அச்சில் வார்த்தவை போன்ற கல் வீடுகள் வரிசை வரிசையாகச் சரிவில் இறங்க, அவற்றுக்கு மேலாகப் புகைபோக்கிகள் நின்றன. ஒரு கூடத்துக்குள் நூற்றுக்கணக்கான விசைத்தறிகள் ஒருசேர ஓடும். ஒவ்வொரு நெசவாளியும் பொதுவாக நான்கு தறிகளைக் கவனித்துக்கொள்வார். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. ஆகையால் அந்த ஊர்ப் பெண்கள் ஓசையே எழுப்பாமல் உதட்டை அசைத்துப் பேசவும், எதிரிலிருப்பவரின் உதட்டசைவைப் பார்த்தே பொருளை அறிந்துகொள்ளவும் கற்றிருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாரத்துக்கு ஐம்பத்தைந்தரை மணி நேரம் வேலை. சனிக்கிழமை நண்பகலில்தான் தறி நிற்கும். வாரம் முழுவதும் குரலுக்கு வேலையில்லாமல் உழைத்த ஒருவருக்கு, வெட்டவெளியில், பறவையின் சத்தமும் காற்றின் சத்தமும் தவிர வேறு சத்தமில்லாத ஓரிடத்தில், மனம்விட்டுப் பேசுவது என்பது எவ்வளவு பெரிய பாக்கியமாக இருந்திருக்கும் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அந்தப் பக்கத்துச் சைக்கிள் சங்கங்களின் கதையை இந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் அதன் உட்பொருள் விளங்கும் என்பது என் எண்ணம்.

கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-இல் செய்த ரோவர் சைக்கிளும், பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் 1888-இல் கண்ட காற்றடைத்த டயரும், அதுவரை துணிச்சல்காரரான செல்வர்களின் விளையாட்டாக இருந்த வாகனத்தைச் சாமானிய மனிதர்கள் ஏறத்தக்கதாக மாற்றின. தொடக்கத்தில் விலை அதிகம், பத்தாண்டுகளில் இறங்கிற்று, பழைய வண்டியாகவோ தவணை கட்டியோ தொழிலாளிகளும் வாங்கலானார்கள். 1894-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பர்மிங்ஹாம் நகரத்து இளைஞர் சிலர், டாம் குரூம் என்பவரும் அவர்களுள் ஒருவராக, ஒன்றுகூடி ஒரு சைக்கிள் சங்கத்தை ஸ்தாபித்தார்கள். ராபர்ட் பிளாட்ச்ஃபோர்டு என்பவர் 1891-இல் மான்செஸ்டரில் தொடங்கி நடத்திய 'கிளாரியன்' என்னும் வாரப் பத்திரிகையின் வாசகர்கள் அவர்கள். சமதர்மக் கொள்கையில் பற்றுள்ளவர்கள். ஆகவே சங்கத்துக்கும் கிளாரியன் என்றே பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டு ஈஸ்டர் பண்டிகையின்போது டெர்பிஷயரிலுள்ள ஆஷ்போர்ன் என்னும் சிற்றூரில் பல ஊர்ச் சங்கங்களும் கூடித் தேசியச் சங்கமாக இணைந்தன. ஈஸ்டர்க் கூட்டம் என்னும் அந்த வழக்கம் இன்றளவும் இருக்கிறது.

அவர்கள் கூட்டமாகப் போன முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்ன ஞாயிறு இன்ன ஊருக்கு என்று பருவத்தின் தொடக்கத்திலேயே அட்டவணை போட்டு அச்சடித்து விடுவார்கள். தலைவராக ஒருவர் முன்னே போவார். பின்தங்குபவர்களைக் கவனிக்க ஒருவர் கடைசியில் வருவார். நடுவில் இருப்பவர்கள் இரண்டு இரண்டு பேராக, ஒருவர் முழங்கையை மற்றவர் தொட்டுவிடலாம் என்ற நெருக்கத்தில், சீராக மிதித்துக்கொண்டு போவார்கள். காற்று எதிரே அடிக்கும்போது முன்வரிசையில் இருப்பவர்களுக்குச் சிரமம் அதிகம்; ஆகையால் சற்று நேரத்துக்கு ஒருமுறை அவர்கள் விலகிப் பின்னே வர, அடுத்த ஜோடி முன்னே போய் அந்தப் பாரத்தை ஏற்றுக்கொள்ளும். இப்படி மாறி மாறி வருவதனாலேயே, புறப்படும்போது ஒருவரோடும் திரும்பும்போது வேறொருவரோடும் பேசிக்கொண்டு வர நேரிடும்; சேர்ந்தாற்போல் நாலு ஞாயிறு போனவருக்குச் சங்கத்தில் அந்நியர் என்று எவரும் இருக்கமாட்டார். ஒருவர் டயரில் ஆணி குத்தினால் எல்லோரும் நிற்பார்கள். ஏற்றம் கடுமையானால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் எவருக்கும் வெட்கமில்லை. கூட்டத்திலேயே மெதுவாக மிதிப்பவர் யாரோ, அவருடைய வேகந்தான் கூட்டத்தின் வேகம். பந்தயச் சங்கங்களும் அந்த நாட்டில் ஏராளமாக உண்டு, அவற்றின் சாதனைகளும் பெரியவையே. ஆயினும் மிதிப்பவரின் கால் வலிமையைவிட அவரோடு கூட வருபவரின் துணையைப் பெரிதாக எண்ணிய இந்த ஏற்பாட்டையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

வழியில் மற்றோர் ஊரின் கிளாரியன் கூட்டத்தார் எதிர்ப்பட்டால் ஒருவர் "பூட்ஸ்!" என்று குரல் கொடுப்பார், எதிரே வருபவர் "ஸ்பர்ஸ்!" என்று பதில் கொடுப்பார். முன்பின் பாராதவர்களை ஒரே குடும்பத்தார் ஆக்க அந்த இரண்டு சொற்களே போதுமானவையாக இருந்தன. சைக்கிளின் பின்புறத்தில் துண்டுப் பிரசுரங்களைக் கட்டிக்கொண்டு போய்க் கிராமத்துச் சந்தியில் நின்று வழங்குவதும், இசைக் குழுக்கள் அமைத்துப் பாடுவதும், நகரத்துச் சேரிக் குழந்தைகளுக்கு விருந்தும் வேடிக்கையும் நடத்துவதுமாக, கிளாரியன் என்ற பெயரைச் சுற்றிப் பல நற்பணிகள் வளர்ந்தன.

அந்தக் காலத்துச் சங்கங்கள் பல ஆண்களுக்கு மட்டுமே உரியவை. கிளாரியன் சங்கங்களில் தொடக்க ஆண்டுகளிலேயே பெண்கள் உறுப்பினரானார்கள். பிற்காலத்தில் பெண்களின் வாக்குரிமைப் போராட்டத்தில் புகழ்பெற்ற கிறிஸ்டபெல், சில்வியா பாங்க்ஹர்ஸ்ட் சகோதரிகள் இருவரும் இளமைப் பருவத்தின் தொடக்கத்தில் மான்செஸ்டர் கிளாரியன் சங்கத்தோடு சைக்கிளில் போனவர்களே. நெல்ஸனில் இதற்கு மற்றொரு காரணமும் சேர்ந்தது. அங்கே நெசவாளிகளுக்கு நெய்த துணியின் அளவுக்கே கூலி. ஆணுக்கும் பெண்ணுக்கும் விகிதம் ஒன்றுதான். சொந்தக் கையில் கூலி வாங்கிய பெண் சொந்தமாகச் சைக்கிளும் வாங்கினாள். குழந்தைப் பருவத்திலேயே ஆலைக்குள் போய், பின்னர் வாக்குரிமைக்காக நாடெங்கும் மேடையேறிப் பேசிய செலீனா கூப்பர் என்னும் அம்மையார் வாழ்ந்த ஊரும் நெல்ஸன்தான்.

இனி, பாதையில் போவோம். நெல்ஸனிலிருந்து கால்வாயைக் கடந்தால் பாரோஃபோர்டு. அங்கிருந்து வீடுகள் குறைந்து, இருபுறமும் காரையில்லாமல் அடுக்கிய கல் சுவர்கள் தொடங்குகின்றன. பெண்டில் வாட்டர் என்னும் சிற்றாறு சலசலத்துக்கொண்டு கூடவே வருகிறது. நான்கு மைலுக்குள் ரஃப்லீ என்னும் கிராமம். அதற்கப்பால் பாதை வளைந்து ஏறும். ஏறும்போது இடையிடையே மரங்கள் விலகி, பெண்டில் மலையின் நீண்ட முதுகு தெரிந்து மறையும். மேலும் போனால் நியூசர்ச் என்னும் கிராமம். அதன் தேவாலயக் கோபுரச் சுவரில் இறைவனின் விழி என்று சொல்லப்படும் கண் வடிவம் ஒன்று உண்டு. ரஃப்லீக்கும் நியூசர்ச்சுக்கும் நடுவே, புல்வெளியை ஒட்டி, ஒற்றைத் தளமாக, ஆடம்பரமில்லாமல் நிற்கிறது கிளாரியன் வீடு.

சுதந்திரத் தொழிற்கட்சியின் நெல்ஸன் கிளையினர் 1912-இல் இதைக் கட்டினார்கள். அவர்களில் பெரும்பாலோர் தறியில் நின்றவர்கள். நடந்து வருபவர்களும் சைக்கிளில் வருபவர்களும் தங்கி இளைப்பாற ஓரிடம் வேண்டும், அங்கே கூடிப் பேச வேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கம். அதற்கு முன்பும் வழியில் சத்திரங்கள் இல்லாமற் போகவில்லை. ஆனால் காசு கொடுத்து எதையாவது வாங்கினாலன்றிச் சத்திரத்தில் நெடுநேரம் உட்கார முடியாது, குழந்தைகளோடு வரும் குடும்பத்துக்கு அது ஏற்றதும் அல்ல. தமக்கென்று ஒரு கூரை வேண்டுமென்று அவர்கள் நினைத்ததில் ஆச்சரியமில்லை. நெல்ஸன், பர்ன்லி, கோல்ன் முதலிய ஊர்களிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நூற்றுக்கணக்கானோர் இங்கே கூடியதுண்டு. வாசற்புறத்துப் புல்தரையில் சைக்கிள்கள் சாய்ந்து கிடக்கும். இங்கிலாந்தின் பல பகுதிகளிலும் இப்படி எழுந்த கிளாரியன் வீடுகளில், பழைய வழக்கப்படியே நடந்துவருவது இது ஒன்றுதான்.

உள்ளே நுழைந்தால் நீண்ட மர மேசைகளும் பெஞ்சுகளும். சுவரில் கெய்ர் ஹார்டி முதலான தொழிலாளர் தலைவர்களின் படங்களும் பழைய பதாகைகளும். ஒரு மூலையில் தேநீர் கொதிக்கும். தேநீர் வரும் குவளையைச் சொல்லாமல் விட முடியாது: ஒரு பைன்ட் கொள்ளும் குவளை, அரை லிட்டருக்கும் அதிகம். மழையில் நனைந்து ஏறி வந்தவர் அதை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு விரல்களைச் சூடாக்கிக்கொள்வதைப் பார்த்தால், அந்த அளவு ஏன் என்பது விளங்கிவிடும். உணவை அவரவரே கொண்டுவந்து மேசையில் பிரித்து உண்கிறார்கள். பரிமாறுபவர்களும் பாத்திரம் கழுவுபவர்களும் கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள் அல்ல. முறைவைத்து வந்து உழைக்கும் தொண்டர்கள். நூறாண்டுகளுக்கு மேலாக ஞாயிறுதோறும் யாரோ சிலர் தம்முடைய ஓய்வு நாளைக் கொடுத்து மற்றவர்களின் ஓய்வு நாளுக்கு அடுப்பு மூட்டி வந்திருக்கிறார்கள் என்பதை எண்ணும்போது, அந்த எளிய அறையின்மீது எனக்கு உண்டாகும் மரியாதை பெரிய மாளிகைகளின்மீது உண்டானதில்லை.

இந்த வீடும் சங்கங்களும் நல்ல காலத்தை மட்டும் கண்டவை அல்ல. முதல் உலக யுத்தத்தை பிளாட்ச்ஃபோர்டு ஆதரித்து எழுதியபோது வாசகர் பலர் மனம் கசந்து விலகினார்கள்; 1930-களில் பத்திரிகையே நின்றுபோயிற்று. பத்திரிகை நின்ற பின்னும் சைக்கிள் சங்கம் நிற்கவில்லை. 1936-ஆம் ஆண்டில் அதன் உறுப்பினர் தொகை எண்ணாயிரத்தைத் தாண்டியிருந்தது. ஸ்பானிய உள்நாட்டு யுத்தத்தின்போது, அங்கே துன்புற்ற மக்களுக்கு நிதி திரட்டுவதற்காகச் சங்கத்து இளைஞர் இருவர் கிளாஸ்கோவிலிருந்து பார்சிலோனா வரை சைக்கிள் மிதித்தார்கள்.

நம் நாட்டுக்கும் இந்தப் பிரதேசத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. லங்காஷயர்த் தறிகளில் நெய்த துணியில் ஒரு பெரும் பகுதி இந்தியச் சந்தையை நம்பியே நெய்யப்பட்டது. அந்நியத் துணி பகிஷ்காரத்தின் பாதிப்பு நீடித்த காலத்தில், 1931 செப்டம்பரில், வட்டமேஜை மகாநாட்டுக்கு லண்டன் வந்திருந்த காந்தியடிகள், வேலையிழந்த நெசவாளிகளை நேரில் காண வேண்டுமென்று லங்காஷயருக்கு வந்தார். நெல்ஸனுக்குத் தென்மேற்கே உள்ள டார்வென் நகரில் தங்கினார். பகிஷ்காரத்தினால் நஷ்டமடைந்த ஊர்களிலேயே ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று உற்சாகத்தோடு வரவேற்றார்கள். வேறொரு நாட்டு ஏழையின் கஷ்டத்தைக் கேட்டறியும் பக்குவம் அவர்களுக்கு இருந்ததற்குக் காரணங்கள் பல உண்டு. பல தலைமுறைத் தொழிற்சங்க அனுபவத்தோடு, இம்மாதிரி ஞாயிற்றுக்கிழமை மேசைகளில் உலக விவகாரங்களைப் பேசிப் பழகியதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்க்கலாம் என்று நான் நம்புகிறேன்.

தறிகள் ஏறக்குறைய எல்லாம் நின்றுவிட்டன. ஆலை வேலைக்கென்று 1960-களில் பாகிஸ்தானிலிருந்து வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று நெல்ஸன் தெருக்களில் வளர்கிறார்கள். வண்டிகளும் மாறிவிட்டன, இரும்புச் சட்டத்தின் இடத்தில் சுண்டுவிரலால் தூக்கிவிடத்தக்க இலேசான சட்டங்கள் வந்துவிட்டன, உடைகளும் நிறம் மாறிவிட்டன. ஆனால் இரண்டு இரண்டு பேராக வருவதும், ஆணி குத்தினால் எல்லோரும் நிற்பதும், ஏறி முடித்ததும் குவளைக்குக் கை நீட்டுவதும் அப்படியே இருக்கின்றன.

அங்கே போக நேரும் நேயர்களுக்காகச் சில குறிப்புகள். பிரெஸ்டன் நகரிலிருந்து கோல்ன் போகும் ரயிலில் ஏறினால் நெல்ஸனில் இறங்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்படுங்கள். மற்ற நாட்களில் போனால் வீடு பூட்டியிருக்கும். வானம் தெளிவாக இருந்தாலும் மழைச் சட்டையை மறக்க வேண்டாம். உண்பதற்குக் கையோடு ஏதாவது கொண்டு செல்லுங்கள். உள்ளே போய்க் குவளையை வாங்கிக்கொண்ட பிறகு, காலியான மேசை ஏதாவது இருக்கிறதா என்று தேடாமல், ஏற்கெனவே ஆட்கள் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கும் மேசையாகப் பார்த்து, அனுமதி கேட்டு உட்காருங்கள்.