வீட்டு அடுப்பில் மெல்லும் மிட்டாய்
(தோட்டத் தாய்மார்களுக்காக ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தீபாவளி நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் முறுக்கும் அதிரசமும் நெய்யுருண்டையும் தயாராகிவிடும். ஆனால், பிள்ளைகள் கேட்கும் மிட்டாயை மட்டும் நாம் கடையிலிருந்தே வாங்கி வருகிறோம். மிட்டாய் என்பது தொழிற்சாலையில் இயந்திரம் செய்கின்ற பொருள் என்ற எண்ணம் நம் மனத்தில் ஊன்றிவிட்டது. அது சரியான எண்ணமன்று. வெல்லமும் தேங்காயும் கொண்டு நம் பாட்டிமார் உருட்டிய கமர்கட்டும், நம் மலாய் அண்டை வீட்டார் நோன்புப் பெருநாளுக்குக் கிண்டுகின்ற தோடோலும் மெல்லும் மிட்டாய்களே ஆகும். இவற்றை வீட்டில் செய்வது எப்படி, ஆபத்தின்றிச் செய்வது எப்படி, எவ்வளவு உண்பது என்னும் மூன்று செய்திகளை இன்று நாம் பார்ப்போம்.

மரப்பாலும் மெல்லும் பண்டமும்

மெல்லும் பண்டம் என்றவுடன் பிள்ளைகளுக்குச் சூயிங்கம் நினைவுக்கு வரும். அதற்கும் பால்மரம் வெட்டும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. மெக்சிகோ முதலிய நாடுகளில் சிக்கு மரத்தில், அதாவது நாம் சப்போட்டா என்றும் கூறும் மரத்தில், கீறல் போட்டு வடித்த பாலைக் காய்ச்சிக் கிடைத்த பிசினே பழைய சூயிங்கத்தின் மூலப்பொருள். அமெரிக்காவில் தாமஸ் ஆடம்ஸ் என்பவர் 1871ஆம் ஆண்டில் சூயிங்கம் செய்யும் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். பிற்காலத்தில் நம் நாட்டுக் காடுகளிலும் போர்னியோவிலும் வளரும் ஜெலுத்தோங் மரத்தின் பாலும் இதே பயனுக்காகக் கப்பலேறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்ச் செயற்கைப் பிசின்கள் பெருமளவில் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன.

இதனைக் கேட்டுவிட்டுத் தோட்டத்து ரப்பர்ப் பாலையோ மங்கில் காய்ந்த ஒட்டுப்பாலையோ பிள்ளைகள் வாயில் வைக்க விடலாகாது. அதில் அம்மோனியா, அமிலம் முதலிய மருந்துகள் சேர்ந்திருக்கக்கூடும்; தூசியும் இருக்கும். அது உணவுப் பொருளன்று. நம் வீட்டில் செய்யத்தக்க மெல்லும் மிட்டாய் சர்க்கரைப் பாகினால் ஆவது.

பாகு எப்படி இறுகுகிறது?

மங்கில் வடிந்த பால் நீராக இருக்கிறது. அதில் அமிலத்தை அளவாக ஊற்றினால் உறைந்து கட்டியாகிறது. சர்க்கரைப் பாகு இறுகுவது வேறு வகை. பாகு கொதிக்கக் கொதிக்க அதிலுள்ள நீர் ஆவியாகிப் போகிறது. நீர் குறையக் குறையப் பாகின் சூடு ஏறுகிறது. எவ்வளவு நீர் எஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்தே ஆறிய மிட்டாய் மிருதுவாகவோ, இழுத்து மெல்லத்தக்கதாகவோ, கண்ணாடி போல் உடைவதாகவோ அமைகிறது. ஏறத்தாழ 115 பாகை செல்சியசில் பாகு மிருதுவான உருண்டையாகும். 120 பாகையில் அழுத்தமான உருண்டையாகும். 125 பாகையைத் தாண்டினால் கெட்டி உருண்டை. 150 பாகையை எட்டினால் ஆறியபின் உடையும்.

வெப்பமானி இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த நீரை வைத்துக்கொண்டு, அதில் ஒரு சொட்டுப் பாகை விட்டு விரலால் உருட்டிப் பார்த்தால் போதும். நம் பாட்டிமார் பதம் பார்த்த முறை இதுவே.

வெள்ளைச் சீனிப் பாகில் ஒரு தொல்லை உண்டு. ஆறும்போது அது மணல் மணலாகப் பூத்துவிடும். பாகில் சிறிது எலுமிச்சைச் சாறு விட்டால் அவ்வாறு ஆகாது. அமிலம் சீனியின் ஒரு பகுதியைக் குளுக்கோஸ், பிரக்டோஸ் என்னும் இரு சர்க்கரைகளாகப் பிரிக்கிறது. அவை கலந்திருக்கையில் சீனி எளிதில் படிகமாகச் சேர இயலாது. ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் அமிலம், சீனிப் பாகை மணல் கட்டவிடாமல் தடுக்கிறது என்பது வியப்பன்றோ! வெல்லத்தில் அவ்விரு சர்க்கரைகளும் இயல்பாகவே ஓரளவு இருப்பதால் அதற்கு எலுமிச்சை தேவைப்படுவதில்லை.

கமர்கட்டு

தேவையானவை: வெல்லம் 250 கிராம், துருவிய தேங்காய் 150 கிராம், தண்ணீர் கால் குவளை, ஏலக்காய்த்தூள் சிறிது, நெய் ஒரு தேக்கரண்டி.

வெல்லத்தைத் தட்டித் தண்ணீரில் கரைத்துச் சூடாக்கி, மண் போக வடிகட்டிக்கொள்ள வேண்டும். தேங்காய்த் துருவலை வெறும் சட்டியில் ஈரம் வற்றும் அளவுக்கு, சிவக்காமல், வதக்கி வைக்க வேண்டும். பின்னர் அடி கனத்த இரும்புச் சட்டியில் வெல்லப் பாகை ஊற்றி மிதமான தீயில் கொதிக்கவிட வேண்டும். பாகு நுரைத்துத் தடித்ததும் தேங்காயைக் கொட்டி, அடி பிடிக்காமல் இடைவிடாது கிளற வேண்டும். ஒரு துளியைத் தண்ணீரில் இட்டு உருட்டித் தட்டில் போட்டால் 'டக்' என்று ஓசை எழ வேண்டும். அதுவே பதம். உடனே ஏலக்காயும் நெய்யும் சேர்த்து இறக்கி, நெய் தடவிய தட்டில் பரப்பிவிடலாம். கை பொறுக்கும் சூடு வந்தவுடன், கையில் நெய் தொட்டுக்கொண்டு கோலிக்குண்டு அளவில் உருட்ட வேண்டும். முழுவதும் ஆறிவிட்டால் உருட்ட வராது. ஆகவே இருவர் சேர்ந்து உருட்டுவது நல்லது. ஏறக்குறைய 30 உருண்டைகள் கிடைக்கும். நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி. எனவே தனித்தனியாகத் தாளில் சுற்றி, ஈரமற்ற புட்டியில் இறுக மூடி வைக்க வேண்டும்.

தோடோல்

நெகிரி செம்பிலானில் ரெம்பாவ், கோல பிலா வட்டாரங்களில் உள்ள மலாய்க் கிராமங்களைக் கடந்து செல்வோர், பெருநாளுக்கு முன்னர்ப் பெரிய குவாலியில் பலர் முறை வைத்துத் தோடோல் கிண்டும் காட்சியைக் கண்டிருக்கலாம். இப்பண்டம் நமக்கும் அயலானதன்று. தமிழகத்தின் இராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரையிலும், இலங்கையிலும் 'தொதல்' என்னும் பெயரால் இது வழங்குகிறது. கடல் வணிகம் இணைத்த கரைகளில் உணவும் உறவு கொண்டாடியிருக்கிறது.

சிறு குடும்பத்திற்கு 'பூலூட்' மாவு எனக் கடையில் விற்கும் ஒட்டரிசி மாவு 250 கிராம், தேங்காய்ப் பால் ஒரு லிட்டர், 'கூலா மெலாக்கா' எனப்படும் தென்னஞ்சர்க்கரை 400 கிராம், முடிச்சிட்ட பாண்டான் இலை இரண்டு, உப்பு ஒரு சிட்டிகை போதும். தென்னஞ்சர்க்கரையைச் சிறிது நீரில் உருக்கி வடிகட்ட வேண்டும். மாவைத் தேங்காய்ப் பாலில் கட்டியின்றிக் கரைத்து, எல்லாவற்றையும் ஒன்றாகச் சட்டியில் ஊற்றிச் சிறு தீயில் கிண்ட வேண்டும். முதலில் கஞ்சி போலிருக்கும் கலவை, மாவு வெந்து ஒட்டுத்தன்மை பெற்றுத் தடிக்கும். கை வலிக்கும் நேரம் அதுதான். ஆயினும் அப்போது நிறுத்தினால் அடி தீய்ந்துவிடும். தேங்காயெண்ணெய் பிரிந்து மினுமினுக்க, கலவை சட்டியை விட்டுத் திரண்டு வந்து, விரலில் ஒட்டாத நிலையை அடையும் வரை கிண்ட வேண்டும். இச்சிறு அளவுக்கே இரண்டு மணி நேரம் ஆகலாம். அண்டை வீட்டார் சேர்ந்து 'கோத்தோங் ரோயோங்' முறையில் கிண்டுவதன் காரணம் இதனால் விளங்கும். ஒருவர் கைக்கு அது பெரும்பாடு. நால்வர் கைக்கு அது பேச்சும் சிரிப்புமாகக் கழியும் ஒரு மாலைப்பொழுது.

தீக்காயத்தில் கவனம்

கொதிக்கும் பாகு, கொதிக்கும் நீரினும் சூடானது. அது தோலில் ஒட்டிக்கொண்டு தொடர்ந்து சுடும் இயல்புடையது. ஆகவே பாகு காய்ச்சும் இடத்தில் சிறு பிள்ளைகள் நடமாடக் கூடாது. சட்டியின் கைப்பிடியை உட்புறமாகத் திருப்பி வைக்க வேண்டும். நீளமான மரக்கரண்டியே ஏற்றது. தவறிப் பாகு பட்டுவிட்டால், உடனே குழாய் நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஒட்டிய பாகைப் பிய்க்கலாகாது. பற்பசை, எண்ணெய், வெண்ணெய் எதையும் தடவலாகாது. கொப்புளம் கண்டாலும், முகத்திலோ கையிலோ குழந்தையின் உடம்பிலோ பட்டாலும், தாமதியாமல் மருந்தகம் செல்ல வேண்டும்.

அளவே மருந்து

வெல்லமும் தென்னஞ்சர்க்கரையும் 'இயற்கையானவை' ஆதலால் தீங்கில்லை என்று எண்ணுவோர் பலர். உடலுக்கு அவையும் சர்க்கரையே. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்ததாகக் கூறியது. இனவாரியாகப் பார்க்கையில் இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு, எல்லா இனத்தவரிலும் அதுவே மிக அதிகம். இது நம் வீட்டுச் செய்தி என்பதை நாம் மறக்கலாகாது.

உணவில் சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராமுக்கு மிகாமலும், இயன்றால் 25 கிராமுக்குள்ளும் இருப்பது நலம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் கூறிய அறிவுரையின் சாரம். நாம் செய்த கமர்கட்டு ஒன்றில் ஏறக்குறைய 8 கிராம் வெல்லம் இருக்கிறது. அது இரண்டு தேக்கரண்டிச் சீனிக்குச் சமம். மூன்று உருண்டை தின்றால் 25 கிராம் கணக்குத் தீர்ந்துவிடும். அதன்மேல் குடிக்கும் சீனித் தேநீர் வேறு இருக்கிறது. கடை மிட்டாயில் இக்கணக்கைப் பார்ப்போர் சிலரே. கையால் அளந்து போட்ட வெல்லத்தின் கணக்கோ நமக்கு மனப்பாடம். வீட்டில் செய்வதன் தலையாய நன்மை இதுவேயாகும்.

ஒட்டும் இனிப்பு பல்லிடுக்கில் நெடுநேரம் தங்கும். அதனை உண்ணும் கிருமிகள் உண்டாக்கும் அமிலம் பல்லை அரிக்கும். எனவே இடைவேளைகளில் ஓயாது மெல்லாமல், உணவுக்குப் பின் ஒன்று உண்டு, வாய் கொப்பளிப்பது நல்ல பழக்கம். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கெட்டி உருண்டை தரலாகாது. தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு. நீரிழிவுள்ள பெரியவர்கள் மருத்துவரின் சொற்படி நடக்க வேண்டும்.

பதம் நன்கு கைவந்தவர்கள் இதனைச் சிறு வருமானமாகவும் ஆக்கிக்கொள்ளலாம். விற்பனைக்குச் செய்வோர் 2009ஆம் ஆண்டு உணவுத் தூய்மை விதிகளின்படி உணவு கையாளுவோர் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் பெற்றிருக்க வேண்டும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

தாய்மார்களே! பட்டைக்கு அடியிலுள்ள மரத்தைக் காயப்படுத்தாமல் பாலை மட்டும் வடிய வைக்கும் நுட்பமான கை நம்முடையது. பால்மரங்கள் குறைந்து செம்பனை பெருகிவிட்ட இந்நாளிலும் அந்தக் கையின் நிதானம் நம்மை விட்டுப் போகவில்லை. அதே நிதானம் அடுப்படியில் பாகின் பதத்தையும், உண்ணும் இனிப்பின் அளவையும் காக்கட்டும். வரும் பண்டிகைக்கு ஒரு சட்டிக் கமர்கட்டு செய்து பாருங்கள். பக்கத்து வீட்டு மலாய், சீனக் குடும்பங்களுக்கும் இரண்டிரண்டு உருண்டை கொடுத்தனுப்புங்கள்.