கையெழுத்து மட்டும் போதுங்களா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் பேசியது)

தோட்டத்து வேலை, பால் கறவை, கம்பெனி வேலை எல்லாத்தையும் ஒதுக்கி வச்சுட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

குழுவில் ஒருத்தர் தவணை தப்பினால் நாம் என்ன சத்தம் போடுகிறோம்! பேங்கில் போய், "ஏனுங்க சார், வட்டி ஜாஸ்தியா போட்டிருக்கீங்க" என்று கேட்கிறோம். அதே நாம் கிராம சபைக்குப் போனால் சுவரோரமாக உட்கார்ந்து, நோட்டில் கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டு வந்துவிடுகிறோம். கேட்டால், "முன்னாடி மாமனார் உக்காந்திருக்காரு, எப்படிங்க பேசறது?" என்கிறோம்.

நம்ம மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியில் பாப்பம்மாள் பாட்டி இருந்தார். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்தவர். பாட்டியிடம் வளர்ந்து, கடை நடத்தி, அதில் மிச்சம் பிடித்து நிலம் வாங்கினார். 1959ல் தேக்கம்பட்டி பஞ்சாயத்து வார்டு உறுப்பினர், 1964ல் காரமடை ஒன்றியக் கவுன்சிலர். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்ற சட்டம் நம் மாநிலத்தில் வந்ததே 1994ல்தான். அதற்கு 35 வருடம் முந்தியே ஆண்கள் நடுவில் உட்கார்ந்து பேசியவர் அவர். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் விவாதக் குழுவிலும் இருந்தார். நூறு வயதைத் தாண்டியும் தோட்டத்தில் இறங்கி வேலை செய்தார். 2021ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2024 செப்டம்பரில் காலமானார்.

2016ல் அந்தப் பங்கு பாதியாக உயர்ந்தது. ஆனால் தலைவர் பதவி பெண்ணுக்கு, பேச்சு மட்டும் வீட்டுக்காரருக்கு என்கிற கதையை உங்களுக்கு நாங்கள் சொல்லவா வேண்டும்?

பதவியை விடுங்கள். ஊர் வாக்காளர் பட்டியலில் பேர் உள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர்தான், நேற்று கல்யாணமாகி வந்த மருமகள் பேர் ஏறியிருந்தால் அவளும்தான். முன்பு வருடத்துக்கு நாலு கூட்டம். 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 சேர்த்து ஆறு. 501 முதல் 3000 பேர் வரை உள்ள ஊரில் 100 பேராவது வந்தால்தான் கூட்டம் செல்லும். நம்மை ஏன் ஆள்விட்டுக் கூப்பிடுகிறார்கள் என்று இப்போது புரிகிறதா? நாம் இல்லாவிட்டால் எண்ணிக்கை தேறாது.

சில வருடத்துக்கு முன் ஒரு ஊரில் நடந்தது. மில்லில் ஷிப்ட் முடிந்து ராத்திரி பஸ் இறங்கும் பெண்பிள்ளைகள் அரை மைல் இருட்டில் நடந்து வர வேண்டும். அதைக் கேட்க நம் குழு அக்கா ஒருவர் எழுந்தார். "நீ உக்காரு அம்மிணி, உன்ற வீட்டுக்காரன் வந்து பேசட்டும்" என்று ஒரு குரல். அவர் உட்கார்ந்துவிட்டார். உடனே நாங்களே எழுந்து நீளமாகப் பேசினோம். கைதட்டல்கூட வாங்கினோம். தீர்மானத்தில் ஒரு வரி ஏறவில்லை. வெளியூர்க்காரர் பேச்சு, எழுந்து போனதோடு போச்சு. அன்றைக்கு அந்த அக்கா பக்கத்தில் நாங்கள் நின்றிருக்க வேண்டும். அவருக்குப் பதிலாகப் பேசியது எங்கள் தப்பு.

அடுத்த கூட்டத்துக்கு முன் குழுவிலேயே இரண்டு தடவை பேசிப் பார்த்தோம். எந்த இடம், எத்தனை கம்பம் என்று வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டோம். அக்கா எழுந்தபோது கூடவே பதினோரு பேர் எழுந்தார்கள். "எழுதி வாசிச்சுக் காட்டுங்க, அப்புறம் கையெழுத்துப் போடறோம்" என்றார்கள். எழுதினார்கள், வாசித்தார்கள்.

அந்த அக்கா வீட்டில் மூன்று நாள் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. விளக்கு வர நாலு மாதம் ஆச்சு. முதல் நாள் ராத்திரி பிள்ளைகளோடு அவருடைய மாமியாரும் பஸ் ஸ்டாப் வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம்.