வெரோனா நகரத்துப் பழங்கோட்டை

வட இத்தாலியில் அடிஜே என்னும் ஆறு பாம்பென வளைந்து செல்லுமிடத்தில் வெரோனா நகரம் அமைந்துள்ளது. அந்த ஆற்றங்கரையில் செங்கல்லால் எழுந்து நிற்கும் கோட்டைக்குக் காஸ்டெல்வெக்கியோ என்று பெயர். பழங்கோட்டை என்பது அதன் பொருள். கட்டிய காலத்தில் இப்பெயர் அதற்கு இல்லை; பின்னாளில் குன்றின்மீது வேறொரு கோட்டை எழுந்த பிறகே இது பழையதாயிற்று.

இதனைக் கட்டியவன் ஸ்காலா குலத்து இரண்டாம் கான்கிராண்டே. 1354-ஆம் ஆண்டில், அவன் ஊரில் இல்லாத சமயம் பார்த்து, அவனுடைய தந்தைக்கு வேறொருத்தியிடம் பிறந்த சகோதரன் கலகம் செய்தான். கலகம் அடங்கியது, ஆனால் குடிகள்மீது மன்னனுக்கிருந்த நம்பிக்கை போய்விட்டது. பகைவருக்கு அஞ்சிக் கோட்டை கட்டுவோர் பலர். இவனோ சொந்த ஊருக்கே அஞ்சிக் கட்டினான். கோட்டையிலிருந்து ஆற்றைக் கடக்க ஒரு பாலமும் அமைத்தான். ஆபத்து வந்தால், மனைவியின் உறவினர் வாழ்ந்த ஜெர்மானிய நாடுகளை நோக்கி வடக்கே தப்பிச் செல்வதற்கான வழி அது. மூன்று வளைவுகள் கொண்ட அப்பாலத்தின் பெரிய வளைவு ஏறத்தாழ 48 மீட்டர் அகலமுடையது. பதினான்காம் நூற்றாண்டில் இஃது அரிய சாதனையே. எனினும் மன்னனை அது காப்பாற்றவில்லை. 1359-இல் உடன்பிறந்த தம்பியே அவனைக் கொன்றான்.

வெனிசியர் ஆண்டனர், பின்னர் வந்த நெப்போலியனின் படையினர் முற்றத்தில் படைவீடு கட்டினர். 1920-களில் இது அருங்காட்சியகமாக மாற்றப்பட்டபோது, அந்தப் படைவீட்டின் முகப்பில் இடிபட்ட பழைய மாளிகைகளின் சாளரங்களைப் பதித்து, இடைக்கால அரண்மனைபோலத் தோற்றமளிக்கச் செய்தனர். அது வெறும் வேஷமேயன்றி வேறன்று. முசோலினியின் மருமகனான சியானோவுக்கு 1944 ஜனவரியில் மரண தண்டனை விதித்த விசாரணையும் இக்கோட்டையில்தான் நடந்தது. 1945 ஏப்ரலில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தது. ஆற்றில் விழுந்த கற்களை மீட்டெடுத்து, 1951-க்குள் அதனைப் பழைய வடிவிலேயே மீண்டும் கட்டி முடித்தனர்.

பாலத்தைப் பழையபடியே கட்டிவிடலாம். அந்தப் பொய் முகப்பை என்ன செய்வது? இக்கேள்விக்கு விடை கண்டவர் 1958 முதல் இங்கே பணிபுரிந்த வெனிஸ் நகரத்துக் கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்ப்பா. அவர் முகப்பை இடிக்கவில்லை; அதனோடு ஒட்டவுமில்லை. கல் சாளரங்களுக்குப் பின்னால், அவற்றின் அமைப்பைப் பின்பற்றாத புதிய சட்டங்களில் கண்ணாடியைப் பொருத்தினார். புதிய தளம் பழைய சுவரைத் தொடுமுன்பே நின்றுவிடும். நடுவே ஒரு சிறு இடைவெளி இருக்கும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இந்த நேர்மை மிகவும் பிடித்திருக்கிறது. மூலம் எது, பின்னவர் சேர்த்தது எது என்பதைப் பார்ப்பவர் தாமே பிரித்தறியலாம்.

படைவீடு கோட்டையின் பழைய மதிலோடு சேருமிடத்தில் ஒரு பகுதியை அகற்றி, அங்கே திறந்தவெளியில், உயர்ந்த கான்கிரீட் மேடையொன்றின்மீது முதலாம் கான்கிராண்டேயின் கற்சிலையை நிறுத்தினார். இவன் 1329-இல் இறந்தவன்; கவிஞர் தாந்தேயை ஆதரித்தவன். பெருநாய் என்று பொருள்படும் பெயருக்கேற்ப, நாய்த்தலை பொறித்த தலைக்கவசம் முதுகில் தொங்க, குதிரைமேல் அமர்ந்து சிரிக்கிறான். சிலையைக் கீழிருந்தும் காணலாம். மேலே செல்லும் நடைபாலத்திலிருந்து மிக அருகிலும் காணலாம். சமாதியின் உச்சியில் இருந்த காலத்தில் அச்சிரிப்பை இவ்வளவு அருகில் கண்டவர் எத்தனை பேர் இருந்திருப்பர்!

ஓவியக் கூடங்களில் பிஸனெல்லோ தீட்டிய, காடைப் பறவையுடன் கூடிய மேரியன்னை புகழ்பெற்றது. எனினும் என் மனம் செல்வது கரோட்டோவின் சிறுவனிடமே. செம்பட்டை முடியுடைய அவன், குழந்தைக் கையால் கிறுக்கிய மனித உருவத்தை நம்மிடம் நீட்டிக் காட்டிச் சிரிக்கிறான். பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியத்தில் குழந்தையின் கிறுக்கலுக்கு இத்தகைய மதிப்பு கிடைத்தது அபூர்வம்.

2015 நவம்பர் 19 அன்று மாலை, கூடத்தை அடைக்கும் வேளையில், முகமூடியணிந்த ஆயுததாரிகள் மூவர் புகுந்து, காவலரைக் கட்டிப்போட்டு, 17 ஓவியங்களைக் கவர்ந்து சென்றனர். காடையும் அன்னையும் போயினர், சிறுவனும் போனான். மறு ஆண்டு மே மாதம் உக்ரைன் நாட்டின் எல்லைப்புறத்தில் பதினேழும் அகப்பட்டன. 2016 டிசம்பரில் அவை வெரோனாவுக்குத் திரும்பின.