வயிற்றுக் கட்டியும் பீலிக்கரைப் பேச்சும்

(தோட்ட மாதர் பிரிவுக் கூட்டத்தில் பேசியது)



இரண்டு மாதத்துக்கு முன் நம் தோட்டத்துப் பிள்ளை ஒருத்திக்குப் பெரியாஸ்பத்திரியில் ஆப்பரேஷன் செய்து வயிற்றிலிருந்து கட்டி எடுத்தார்கள். அதற்குள் முடியும் ஒரு பல்லும் இருந்தன. செய்தி லயத்துக்கு வந்து சேர்வதற்குள் கதை மாறிவிட்டது. செய்வினை என்றார்கள் சிலர். கலியாணமாகாத பிள்ளைக்கு வயிற்றில் எப்படிப் பல் வந்தது என்று பீலிக்கரையில் கேட்டார்கள் சிலர். நாமும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தோம். அவளும் தாயும் சம்மதித்த பிறகுதான் இதை இங்கே பேசுகிறோம்.

அந்தக் கட்டிக்கு டெர்மொயிட் என்று பெயர். கர்ப்பப்பைக்கு இரண்டு பக்கமும் சூலகம் இருக்கிறது. பெண் பிறக்கும்போதே அதற்குள் முட்டைகள் இருக்கின்றன. தோல், முடி, பல், எலும்பு எல்லாவற்றையும் உண்டாக்கும் சக்தி முட்டைக்கு உண்டு. எப்போதாவது ஒரு முட்டை, ஆணின் விந்து சேராமலே, தானாக வளரத் தொடங்கிவிடும். அது பிள்ளையாகாது. முடியும் கொழுப்பும், சில நேரம் பல்லும் அடங்கிய ஒரு பையாகிவிடும். இதற்கு ஆண் உறவு தேவையே இல்லை. சின்னப் பிள்ளைக்கும் வரலாம், நாலு பிள்ளை பெற்றவருக்கும் வரலாம். ஏன் ஒருத்திக்கு வந்து இன்னொருத்திக்கு வரவில்லை என்று டாக்டர்களாலும் சொல்ல முடியாது. கொழுந்துக்கூடை சுமந்ததால் வருவதில்லை. கூடைப் பாரத்தைப் பற்றிச் சண்டை போட நமக்கு வேறு காரணங்கள் நிறைய இருக்கின்றன.

பெரும்பாலும் இது புற்றுநோய் அல்ல. நூற்றில் ஒன்றோ இரண்டோதான் அப்படி மாறும். மெதுவாக வளரும். வருஷக்கணக்கில் வலியே இருக்காது. பிள்ளைத்தாய்ச்சிக்கு ஸ்கேன் எடுக்கும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது. மாத்திரைக்கோ கஷாயத்துக்கோ கரையாது. சிறியதென்றால் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவருவார்கள். பெரியதென்றால் சூலகத்தை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுக்கப் பார்ப்பார்கள்.

பயப்பட வேண்டியது ஒன்றுக்கு. கட்டியின் பாரத்தில் சூலகம் முறுக்கிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்றுவிடும். அடிவயிற்றில் ஒரு பக்கம் திடீரென்று தாங்கமுடியாத வலி, வாந்தி. அது சில மணித்தியாலத்து விஷயம். நம் பிள்ளைக்கு அதுதான் நடந்தது. காலையில் மலையில் சுருண்டு விழுந்தவளை, நிறுவை முடியட்டும் என்று உட்கார வைத்தார்கள். பிறகு பனடோல் இரண்டு. பிறகு லொறிக்குக் காத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர இருட்டிவிட்டது. ஒரு சூலகத்தையே எடுக்கவேண்டியதாயிற்று. மற்றது நன்றாக இருக்கிறது. அவளுக்குப் பிள்ளை பிறக்கும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். காலையிலேயே போயிருந்தால் இரண்டும் மிஞ்சியிருக்கலாம்.

இதைத் துரையிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். இனி மலையில் ஒருத்தி அப்படி விழுந்தால் நிறுவையைப் பார்க்காதீர்கள். 1990க்குப் போன் எடுங்கள். அந்த அம்புலன்சுக்குக் காசு இல்லை. மேல் லயத்துக்கு ஏறாது என்றால் றோட்டுவரை தூக்கிக்கொண்டு வாருங்கள். துணைக்குப் போனவருக்குப் பேர் வெட்டினால் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள், சங்கம் பார்த்துக்கொள்ளும். அடிவயிறு கனமாக இருக்கிறது, வீங்குகிறது என்று நினைப்பவர்கள், கலியாணமாகாதவர்கள் என்றாலும், மருத்துவமாதுவிடம் கேட்டு ஸ்கேனுக்கு எழுதி வாங்குங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்கும் காசு இல்லை.

அந்தப் பிள்ளை வரும் திங்கட்கிழமை பெரட்டுக்கு வருகிறாள். பல்லைப் பற்றி யாரும் அவளிடம் கேட்கவேண்டாம்.