ஆறும் கிணறும் ஒரே நீர்



மேற்பரப்பு நீர் என்றும், நிலத்தடி நீர் என்றும் அரசாங்கக் கோப்புகளில் இரண்டு சொற்கள் வழங்குகின்றன. சொல் இரண்டாயிருப்பதால் பொருளும் இரண்டு என்றே நாம் எண்ணிவிடுகிறோம். வானின்று இறங்கும் மழையோ இந்த வேறுபாட்டை அறியாது. அதில் ஒரு பகுதி ஆற்றில் ஓடுகிறது. ஒரு பகுதி மண்ணுள் இறங்கித் தங்குகிறது. தங்கிய நீர் பின்னர் மெல்லக் கசிந்து ஆற்றையே வந்தடைவதும் உண்டு. மழையற்ற மாதங்களில், பனிமலையில் பிறவாத ஆறுகளில் நாம் காணும் ஒழுக்கு பெரும்பாலும் இத்தகைய ஊற்று நீரே. எனவே கிணற்றில் அளவு மீறி இறைப்பவன் ஆற்றின் கோடைக்காலச் சேமிப்பைச் செலவிடுகிறான். வாய்க்காலில் நீர் பாய்ச்சுபவன் தன்னை அறியாமலே அண்டை வயலின் கிணற்றை நிரப்புகிறான். ஓர் ஆற்றின் வடிநிலம் முழுவதையும் ஒரே கணக்காகக் கொண்டு இவ்விரு நீரையும் இணைத்து ஆளுதலே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த நமக்கு இது புதிதன்று. ஏரி நிறைந்த ஆண்டில் அதன் கீழுள்ள கிணறுகளில் நீர் மட்டம் உயருவதை நம் முன்னோர் கண்டே வாழ்ந்தனர். மேட்டூர் அணை திறப்பதற்குள் குழாய்க்கிணற்று நீரைக் கொண்டு குறுவை நாற்றங்கால் விடுவதும் காவிரிப் பாசனப் பகுதியில் உள்ள வழக்கமே. ஆயினும் இதன் நன்மை தீமைகளைப் பேரளவில் காண விரும்புவோர், நம்மில் பலர் இப்போது குடியிருக்கும் கங்கை யமுனைச் சமவெளியைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட இந்நிலத்தைத் தோஆப் என்பர். ‘தோ’ என்றால் இரண்டு, ‘ஆப்’ என்றால் நீர். 1837-38-இல் இப்பகுதியைக் கொடிய பஞ்சம் வாட்டியது. அதன் பின்னரே, காட்லி என்னும் பொறியாளரின் முயற்சியால், அரித்துவாரத்திலிருந்து கங்கைக் கால்வாய் வெட்டப்பட்டு 1854-இல் திறக்கப்பட்டது. ரூர்க்கி அருகே சோலானி ஆற்றின் மேலே பாலம் கட்டி அக்கால்வாயைக் கொண்டு சென்றிருப்பதை அவ்வழி செல்வோர் அவசியம் இறங்கிப் பார்க்க வேண்டும். கால்வாய் பயிரை வளர்த்தது. கூடவே இடையறாது கசியவும் செய்தது. கசிவால் கிணறுகள் ஊறின. ஆனால் வடிகால் இல்லாத தாழ்நிலங்களில் நீர் மட்டம் மண்ணின் மேற்புறத்தை நெருங்கி, உப்பு பூத்தது. வெண்மையாகப் படிந்த அவ்வுவரை இங்குள்ள உழவர்கள் ‘ரேஹ்’ என்பர். மிகையான நீரும் நிலத்தைக் கெடுக்கும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

1930-களில் வில்லியம் ஸ்டாம்ப் என்பவர் ஒரு வழி கண்டார். கால்வாய் நீர் படிபடியாக விழும் இடங்களில் மின்சாரம் எடுத்து, அம்மின்சாரத்தைக் கொண்டே அரசுக் குழாய்க்கிணறுகளை இயக்கச் செய்தார். கால்வாயின் வீழ்ச்சியே நிலத்தடி நீரை மேலே தூக்கிற்று! இணைப்புப் பயன்பாடு என்ற பெயர் பரவுமுன்பே நிகழ்ந்த நேர்த்தியான இணைப்பு இது.

1960-களுக்குப் பின் தனியார் குழாய்க்கிணறுகள் பெருகின. பஞ்சாபில் இதன் விளைவு விசித்திரமானது. சங்ரூர் போன்ற மத்திய மாவட்டங்களில் நன்னீரை நெல்லுக்கு இறைத்து இறைத்து நீர் மட்டம் ஆழத்திற்குப் போய்விட்டது. தென்மேற்கே முக்த்சர் பகுதியிலோ நிலத்தடி நீர் உவர்ப்பானதால் அதை எவரும் இறைப்பதில்லை. கால்வாய் நீரோ கசிந்து சேர்கிறது. வயல்கள் ஊறிக் கிடக்கின்றன. ஒரே மாநிலத்தில் ஒரு புறம் வறட்சி, மறு புறம் சதுப்பு. ஆண்டுதோறும் ஊறும் நீரில் எடுக்கத்தக்க அளவைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலாகப் பஞ்சாப் எடுத்து வருகிறது. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் இது சுமார் 60 விழுக்காடே. இந்தச் சராசரியைக் கண்டு மனம் அமைதி கொள்வது, ஆற்றின் சராசரி ஆழத்தைக் கேட்டுக்கொண்டு இறங்குவது போன்றதே.

மாற்று வழி என்ன? 1975-இல் ரோஜர் ரெவெல், வி. லட்சுமிநாராயணா என்னும் இரு அறிஞர்கள் ‘கங்கை நீர் இயந்திரம்’ என்ற கருத்தை வெளியிட்டனர். மழைக்கு முன் ஆற்றோரங்களில் நிலத்தடி நீரை இறைத்துப் பயிருக்குக் கொடுப்பது. அதனால் மண்ணுக்குள் ஏற்படும் வெற்றிடத்தை மழைக்கால வெள்ளத்தால் நிரப்புவது. அணை கட்ட வேண்டாம், ஊர்களை மூழ்கடிக்க வேண்டாம், மண்ணே நீர்த்தேக்கம்.

இக்கருத்துக்கு நெருங்கிய ஒன்று மேற்கு உத்தரப் பிரதேசத்தில் நடைமுறையிலேயே காணப்பட்டது. மத்திய கங்கைக் கால்வாயின் லகாவுட்டிக் கிளை மழைக்காலத்தில் மட்டும் நீர் தருவது. புலந்தசகர், அலிகார் பகுதி உழவர்கள் அந்நீரைக் கொண்டு நெல் விளைவித்தனர். வயலிலும் வாய்க்காலிலும் கசிந்த நீர் நிலத்தடியைச் சேர்ந்தது. குளிர்காலத்தில் அதையே இறைத்துக் கோதுமைக்குப் பாய்ச்சினர். 1988-இல் சுமார் 12 மீட்டர் ஆழத்திலிருந்த நீர் மட்டம், பத்தாண்டுகளில் சுமார் ஆறரை மீட்டருக்கு உயர்ந்தது. ஆழம் குறையவே, இறைக்கும் செலவும் குறைந்தது. கசிவை விரயம் என்று கருதி வாய்க்கால் முழுவதற்கும் சிமெண்டுப் பூச்சு பூசத் துடிப்போர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நன்னீர்ப் பகுதியில் கசிவு வரவு. உவர்நீர்ப் பகுதியிலேதான் அது நட்டம். அங்கே பூச்சு தேவையே.

இவ்வளவு தெளிவான முறை ஏன் எங்கும் பரவவில்லை? 1882-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றை ஒட்டி, நிலத்தின் உடையவனுக்கே அதன் அடியிலுள்ள நீரும் உரியது என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. ஆற்று நீர் பொதுவுடைமை. கிணற்று நீர் தனியுடைமை! பஞ்சாபில் 1997 முதல் உழவர்க்கு மின்சாரம் இலவசமாயிற்று. இறைப்பதற்கு வரம்பு கூற விலை என்பதே இல்லாது போயிற்று. நெல் நடவைக் கோடை வெப்பத்தில் தொடங்காது தள்ளிப்போட 2009-இல் அங்கே சட்டம் செய்தனர். அது நல்லதே, ஆனால் நெல்லின் பரப்பு குறையாமல் அது எவ்வளவு காக்கும்? நிருவாகத்திலும் இதே பிளவு உள்ளது. ஆறுகளைக் கவனிக்க மத்திய நீர் ஆணையம், நிலத்தடியைக் கவனிக்க மத்திய நிலத்தடி நீர் வாரியம். இரண்டையும் ஒன்றாக்கலாம் என 2016-இல் மிகிர் ஷா தலைமையிலான குழு பரிந்துரைத்தது. இரண்டும் இன்னும் தனித்தனியாகவே உள்ளன.

தில்லியில் வாழ்வோர்க்கு இதில் நேரடிப் பங்கும் உண்டு. நகரின் வடகோடியில், பல்லா என்னுமிடத்தில், யமுனையின் வெள்ளச் சமவெளியில் வரிசையாகக் குழாய்க்கிணறுகள் உள்ளன. அவற்றின் நீர் குடிநீராக நகருக்கு வருகிறது. மழைக்கால வெள்ளம் பரவும்போது அம்மணல் மீண்டும் நீரை ஏற்கிறது. அங்கே ஒரு வீடோ சாலையோ எழும்பினால் அந்த அளவுக்கு மணலின் வாய் அடைபடுகிறது. வெள்ளம் கீழே இறங்காது தெருக்களை நோக்கித் திரும்புகிறது.