மின்சுற்றிலும் வேண்டும் ஒரு தயக்கம்

மழைக்காலத்தில் மின்சாரம் நின்றால், தாராவியில் தையற்கூடம் நடத்தும் நம்மவர் 12 வோல்ட் மின்கலத்தின் விளக்கொளியில் வேலையைத் தொடர்வதுண்டு. ஈயமின்கலம் அளவு மீறி வடிந்தால் கெட்டுவிடும். ஆகவே மின்னழுத்தம் 10.8 வோல்ட்டுக்கு இறங்கியதும் விளக்கைத் துண்டிக்க ஓர் ஒப்பீட்டுச் சுற்றை அமைக்கிறோம்.

துண்டித்தவுடன், சுமை நீங்கிய மின்கலம் சற்றே தலைநிமிரும். சுற்று மீண்டும் விளக்கை ஏற்றும். அழுத்தம் மறுபடி சரியும். ரிலே படபடவென்று அடித்து அதன் முனைகள் தீய்ந்துபோகும்.

இதற்கு மருந்து தயக்கம். கணவாயின் நரம்பை ஆராய்ந்த அமெரிக்கர் ஆட்டோ ஷ்மிட் 1938-இல் வெளியிட்ட வழி இது. வெளியீட்டில் ஒரு பங்கை மின்தடை வழியே உள்ளீட்டுக்குத் திருப்பினால், அணைக்கும் எல்லை வேறு, ஏற்றும் எல்லை வேறு ஆகிவிடும். 10.8-இல் அணைந்த விளக்கு, 12.5-க்கு ஏறினாலன்றி எரியாது. தடையை மாற்ற, இடைவெளியும் மாறும். அது குறுகினால் படபடப்பு நீங்காது. மிக விரிந்தால் மின்னேற்றம் தொடங்கி நெடுநேரமாகியும் விளக்கு எரியாது. ஒப்பிடும் அடிப்படை அழுத்தம் துல்லியமாயிராவிடில் இரு எல்லைகளும் நகர்ந்துவிடும்.

காவலனே களஞ்சியத்தை உண்ணலாகாது. 5 மில்லி ஆம்பியர் இழுக்கும் சில்லு 30 நாளில் 3.6 ஆம்பியர்-மணியைக் குடித்துவிடும். 7 ஆம்பியர்-மணி மின்கலத்தில் இது பாதிக்கும் மேல்! 5 மைக்ரோ ஆம்பியர் சில்லுக்கோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்கே போதும். லாமிங்டன் சாலையில் சில்லு வாங்கும் இளைஞர்கள் விலையோடு இவ்வெண்ணையும் கேட்டு வாங்குவார்களாக.